சாட்சிக்கு வயது 11

எங்கள் வீட்டில் ஒரு புத்தகத்தை, வாங்கியவனே முதலில் படித்ததாக வரலாறு கிடையாது. நான் வாங்கி வருவேன். மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் அது மாமனார் கைக்குப் போயிருக்கும். மதியம் அவர் கண்ணயர்ந்ததும், மார்பிலிருந்து நழுவும் புத்தகத்தைக் கீழே விழாமல் காப்பாற்றும் சாக்கில் என் மனைவி எடுத்துக்கொள்வாள். அவள் குக்கரை இறக்கப் போகும் இடைவெளியில் அது மகளிடம் போகும். கடைசியில் என்னிடம் வரும்போது, கொன்றது யார், மாட்டியது யார், கடைசிப் பக்கத்தில் யார் அழுகிறார்கள் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம் ஆகியிருக்கும்.

ஜான் கிரிஷாமின் ‘தி கிளையன்ட்’ நாவலும் அப்படித்தான் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தது. நடைபாதைக் கடையில் கிடைத்த பழைய பிரதி. முன்பு ஏதோ ஒரு வாடகை நூலகத்தில் வாழ்ந்திருக்கிறது. ‘14 நாட்களுக்குள் திருப்பவும்’ என்ற முத்திரை அட்டையின் உட்புறத்தில் இன்னும் அதிகாரம் குறையாமல் மிரட்டிக்கொண்டிருந்தது. நம் வாடகை நூலக வாசகர்கள் எல்லோரும் பிறவி விமரிசகர்கள். கருத்தை வெளியிடப் பத்திரிகை இடம் கொடுக்காததால் பக்க ஓரங்களைப் பயன்படுத்திக்கொண்டவர்கள். இந்தப் பிரதியிலும் ஒரு விவாதமே நடந்திருந்தது. முதல் அத்தியாயத்திலேயே பென்சில்காரர் ஒருவர், “பதினோரு வயதுப் பையன் இப்படியா பேசுவான்?” என்று கேட்டிருந்தார். அதற்குக் கீழே நீல மைக்காரர், “ஒரு நாள் என் வீட்டுக்கு வந்து பாரும்” என்று பதில் எழுதியிருந்தார். இருவருக்கும் கீழே சிவப்பு மையில், “நூலகப் புத்தகத்தில் எழுதுவது அநாகரிகம்” என்று மூன்றாமவர் எழுதி, அடிக்கோடும் போட்டிருந்தார்.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. அமெரிக்காவில் டென்னசி மாநிலத்து மெம்பிஸ் நகரம். டிரெய்லர் வீடுகள் நிற்கும் ஏழைக் குடியிருப்பு. அங்கே மார்க் ஸ்வே என்ற 11 வயதுப் பையன், அம்மாவின் சிகரெட்டைத் திருடிக்கொண்டு, 8 வயதுத் தம்பி ரிக்கிக்குப் புகைபிடிக்கச் சொல்லித்தரக் காட்டுக்குள் போகிறான். அந்த நேரம் பார்த்து ஒரு கறுப்பு லிங்கன் கார் வந்து நிற்கிறது. உள்ளே இருப்பவர் ஜெரோம் கிளிஃபர்ட், நியூ ஆர்லியன்ஸ் வக்கீல், சாக வந்திருக்கிறார். பையன் தடுக்கப் பார்த்து அவரிடமே அகப்பட்டுக்கொள்கிறான். குடிபோதையில் வக்கீல் ஒரு ரகசியத்தை உளறிவிட்டுச் சுட்டுக்கொண்டு செத்துப்போகிறார். கொல்லப்பட்ட ஒரு செனட்டரின் உடல் எங்கே புதைக்கப்பட்டிருக்கிறது என்பதுதான் அந்த ரகசியம். கொன்றவன் பேரி முல்டானோ, மாஃபியா ஆள், அந்த வக்கீலுடைய கட்சிக்காரன். பிணம் கிடைக்காமல் வழக்கு நிற்காது என்று ராய் ஃபோல்ட்ரிக் என்ற மத்திய அரசு வழக்கறிஞர் பையனைத் துரத்துகிறார். பையன் வாயைத் திறந்தால் குடும்பத்தோடு காலி என்று மாஃபியா துரத்துகிறது. தம்பி அதிர்ச்சியில் கட்டை விரலைச் சூப்பிக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். மார்க் தனியாகப் போய், ரெஜி லவ் என்ற 52 வயதுப் பெண் வக்கீலை ஒரே ஒரு டாலர் கொடுத்து அமர்த்திக்கொள்கிறான்.

1993-இல் வந்த நாவல். அதற்கு முன்பே ‘தி ஃபர்ம்’, ‘தி பெலிகன் பிரீஃப்’ இரண்டும் கிரிஷாமை வீட்டுக்கு வீடு கொண்டுபோயிருந்தன. ‘தி கிளையன்ட்’ படித்தவர்கள் அப்போதிலிருந்து இப்போதுவரை சொல்லும் முதல் குறை, அந்தப் பென்சில்காரர் சொன்னதுதான். பையன் வயதுக்கு மீறிய புத்திசாலி. போலீஸ்காரர் ஒருவர் பரிவாகக் குளிர்பானம் வாங்கித் தருகிறார். காலி டின்னிலிருந்து கைரேகையை எடுத்து, அவன் அந்தக் காருக்குள் இருந்தவன் என்று கண்டுபிடிக்கிறார்கள். எஃப்.பி.ஐ. ஆட்கள் பேச வரும்போது பையன் சட்டைக்குள் ஒலிப்பதிவுக் கருவியை வைத்துக்கொண்டு போகிறான். “எனக்கு வக்கீல் வேண்டாமா?” என்று அப்பாவியாய்க் கேட்டு, “எதற்குத் தம்பி?” என்று அவர்கள் சொல்வதையெல்லாம் பதிவு செய்துவிடுகிறான். இதெல்லாம் நம்பும்படி இல்லை என்பது வாசகர் கட்சி.

நான் இதில் நீல மைக்காரர் கட்சி. பதினோரு வயதுக் குழந்தையிடமிருந்து எதையாவது மறைத்து வைக்க வேண்டிய அவசியம் வாழ்க்கையில் ஒருபோதும் நேராதவர்கள்தான் மார்க் ஸ்வேயை நம்ப மறுப்பார்கள். எனக்கு அந்த அவசியம் நேர்ந்தது.

மருத்துவர் என் ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைப் பார்த்துவிட்டு என்னிடம் எதுவும் பேசவில்லை. என் மனைவியிடம் பேசினார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எனக்கு இனிப்பு என்பது பஞ்சாங்கத்தில் மட்டும் வரும் பண்டிகை. இந்த நிலையில் திருநெல்வேலியிலிருந்து வந்த நண்பர் ஒருவர், விவரம் தெரியாமல், அரைக் கிலோ அல்வாவை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். சூடு ஆறாத அல்வா. நெய் காகிதத்தைத் தாண்டி வந்து என்னை விசாரித்தது. அதை அநாதையாக விட மனம் வரவில்லை. ‘வருமான வரி 2011–12’ என்று எழுதிய கோப்புப் பெட்டிக்குள் அதை அடக்கம் செய்தேன். அந்தப் பெட்டியை வருமான வரித் துறையே திறந்து பார்த்ததில்லை.

இதனால் எனக்கு நேர்ந்த இலக்கிய அனுபவம் வேறு யாருக்கும் வாய்த்திருக்காது. லட்சக்கணக்கானவர்கள் இந்த நாவலை மார்க் பக்கம் இருந்து படித்தார்கள். சிலர் ரெஜி பக்கம். நான் ஒருவன்தான் பேரி முல்டானோவின் பக்கத்திலிருந்து படித்தேன். கொலையை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் ஒரு பொருளை ஒளித்துவைத்துவிட்டு, அது யாருக்குத் தெரிந்துவிட்டதோ என்று தூக்கமில்லாமல் புரளும் ஒரு குடும்பஸ்தனின், மன்னிக்கவும், ஒரு குற்றவாளியின் மனநிலையைக் கிரிஷாம் போதுமான அளவு விவரிக்கவில்லை என்பது என் கருத்து.

வினை மேல்வீட்டிலிருந்து வந்தது. அங்கே ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் இருக்கிறார். பணியில் இருந்த காலத்தில் பாதி ஆயுளைத் தணிக்கையில் கழித்தவர். ‘தி கிளையன்ட்’ எங்கள் வீட்டில் சுற்றுவதைப் பார்த்து, மாலைக் காபிக்கு வந்த இடத்தில் தன் கருத்தைச் சொன்னார்.

“எனக்கு ஒரே சந்தேகம் சார். பிணம் எங்கே இருக்கு? அந்த வக்கீலோட சொந்த வீட்டு கராஜ்ல, கான்கிரீட்டுக்கு அடியில. இவ்வளவு பெரிய எஃப்.பி.ஐ., மொதல்ல அந்த வீட்டைத்தானே தோண்டிப் பார்க்கணும்? எங்க பிராஞ்ச்ல பத்து ரூபாய் இடிச்சாலே கேஷியரோட டிராயரைத்தான் மொதல்ல இழுப்போம்.”

இந்தக் கேள்வியை இவர் மட்டும் கேட்கவில்லை. நாவலைப் படித்த பலரும் கேட்பதுதான். நியாயமான கேள்வி. கொலைகாரன் தன் வக்கீலுடைய கொட்டகையிலேயே பிணத்தைப் புதைப்பான் என்று யாருக்கும் தோன்றாது, அந்தத் துணிச்சல்தான் கதையின் அஸ்திவாரம் என்று நான் பதில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என் மனைவி காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “ஆமாங்க, வீட்டுக்காரன் சாமான் வைக்கிற இடத்தைத்தான் மொதல்ல பார்க்கணும்” என்றபோது அவள் பார்வை என் கோப்பு அலமாரியைக் கடந்து போனது. கடந்துதான் போனது. ஆனால் போகிற வேகம் சரியில்லை.

நாவலில் முல்டானோவுக்கும் இதே நெருக்கடி வருகிறது. பையனுக்கு இடம் தெரிந்துவிட்டது என்றதும் பிணத்தை வேறிடத்துக்கு மாற்றத் துடிக்கிறான். நானும் அன்று இரவே மாற்றினேன். பரணில் கொலுப் பெட்டி இருக்கிறது. நவராத்திரிக்கு முன்பு அதை யாரும் சீண்ட மாட்டார்கள். செட்டியார் பொம்மைக்குப் பின்னால் பொட்டலத்தை வைத்தேன். எதையும் கடையில் விற்க மட்டுமே தெரிந்த அவர் அதைத் தின்ன மாட்டார் என்ற நம்பிக்கை. இறங்கித் திரும்பினால், தண்ணீர் குடிக்க எழுந்து வந்த என் மகள் கையில் சொம்போடு நின்றுகொண்டிருந்தாள்.

ஒரு துண்டு கொடுத்தேன். இரண்டு துண்டு கேட்டாள். கொடுத்தேன்.

மறுநாள் காலை வருமான வரிக் கோப்பு சாப்பாட்டு மேஜைமேல் விரித்து வைக்கப்பட்டிருந்தது. பாரம் 16-இன் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு நெய்க் கறை. “இது என்ன?” என்றாள் என் மனைவி. “அந்த வருஷம் கொஞ்சம் செழிப்பா இருந்தோம்” என்றேன். அவள் சிரிக்கவில்லை. ஃபோல்ட்ரிக்கும் சிரித்திருக்க மாட்டார். தன் மேடைப் பேச்சையும் அடுத்த தேர்தலையும் தவிர வேறெதையும் நினைக்காத மனிதர் அவர். வாசகர்கள் அவரைக் கேலிச்சித்திரம் என்று தள்ளிவிடுகிறார்கள். அதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆதாரம் கையில் இல்லாத அரசுத் தரப்பு எவ்வளவு ஆபத்தானது என்று அனுபவித்தவன் அப்படிச் சொல்லமாட்டான். பிணம் இல்லை, கறை மட்டும் இருக்கிறது. மிச்சம் இருப்பது ஒரு சாட்சி.

“ராத்திரி அப்பா ஏணி போட்டுப் பரண்ல ஏறினாரா?” என்று என் மனைவி மகளைக் கேட்டாள்.

மகள் என்னைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். அந்த நாவலை எங்கள் எல்லோருக்கும் முன்பாக முடித்தவள் அவள்தான் என்பதை நாங்கள் மறந்திருந்தோம்.

“நான் என் வக்கீல்கிட்ட பேசாம எதுவும் சொல்ல மாட்டேன்” என்றாள்.

வக்கீல், ஊஞ்சலில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்.

என் மாமனார் உண்மையில் வக்கீல் இல்லை. தஞ்சாவூர்ப் பக்கத்து முன்சீஃப் கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஆனால் வக்கீல்களுக்கு அடுத்த வாய்தா எப்போது என்று சொல்கிற அதிகாரத்தை ஆயுள் முழுக்க அனுபவித்தவருக்கு, வக்கீல் என்பது ஒரு படி இறக்கம்தான். மகள் தன் உண்டியலிலிருந்து ஒரு ரூபாய் எடுத்துக் கொடுத்தாள். அவர் அதை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு, முதல் வேலையாக ஜான் கிரிஷாமைக் கிழித்தார்.

“இந்தப் பையன் அந்தம்மாவுக்கு ஒரு டாலர் கொடுத்தானே, அந்த ஒப்பந்தமே செல்லாது. மைனர் போடற ஒப்பந்தம். 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம், 11-ஆம் பிரிவு. 1903-ல மோஹரி பீபீ கேஸ்ல பிரிவி கவுன்சிலே சொல்லியாச்சு.”

“அது நம்ம ஊர்ச் சட்டம் மாமா. அமெரிக்காவில மைனர் போட்ட ஒப்பந்தத்தை மைனர் வேணாம்னு தள்ளலாம். எதிராளி தள்ள முடியாது. பையன் வச்சுக்கிட்டா அந்தம்மா கட்டுப்பட்டுத்தான் ஆகணும்.”

“அப்ப என் ரூபாயும் செல்லாதா தாத்தா? திருப்பிக் கொடுங்க.”

“மைனர்கிட்ட கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேக்க முடியாதுன்னுதான் தீர்ப்பு. மைனருக்குத் திருப்பிக் கொடுக்கணும்னு தீர்ப்பு இல்லை” என்றார் தாத்தா. மோஹரி பீபீ வழக்கை இந்தக் கோணத்தில் இதற்கு முன் யாரும் வாதாடியிருக்கமாட்டார்கள்.

‘தி கிளையன்ட்’ பற்றி வாசகர்கள் சொல்லும் இன்னொரு குறை, நடுப்பகுதி இழுக்கிறது என்பது. சிறார் நீதிமன்றம், விசாரணை, மனு, எதிர் மனு என்று பக்கங்கள் போகின்றன. எங்கள் பிரதியில் பென்சில்காரர் அந்த இடங்களில் “போர்” என்று மூன்று பக்கங்களுக்குத் தொடர்ந்து எழுதிவிட்டு நான்காவது பக்கத்தில் காணாமல் போயிருந்தார். மாமனார் கருத்து நேர் எதிர். புத்தகத்தில் உருப்படியாக இருப்பது அந்தப் பகுதி மட்டும்தானாம். துரத்தலும் தீ வைப்பும் வெறும் வீக்கமாம். ஆனால் அந்தப் பகுதியிலும் அவருக்குப் பொறுக்க முடியாத ஒரு பொய் இருந்தது.

“மனு போடறான், சூட்டோட சூடா விசாரணை நடக்குது. வாய்தாவே கிடையாதா? எதிர்த்தரப்பு வக்கீலுக்கு வயித்துவலி வரலையா? வக்காலத்து எங்கே? கட்டு எங்கே? ஜட்ஜ் வந்து உட்கார்றாரு, கூப்பிடறாரு, கேட்கிறாரு. இதை நம்பச் சொல்றீங்களா மாப்பிள்ளை? பதினோரு வயசுப் பையன் புத்திசாலியா இருக்கிறதைக்கூட நம்பிடலாம்.”

ஆனால் அந்த நீதிபதியை அவருக்குப் பிடித்துப்போயிற்று. ஹாரி ரூஸ்வெல்ட். சிறார் நீதிமன்றத்தை விட்டு மேலே போக ஆசைப்படாத, பெருத்த உடம்பும் அதைவிடப் பெருத்த கண்டிப்பும் கொண்ட கறுப்பின நீதிபதி. அரசுத் தரப்பு வக்கீல்களைத் தன் நீதிமன்றத்தில் சிறுவர்களாக்கி நிறுத்திவைக்கிறார். சாட்சிக் கூண்டில் மார்க் அரசியல் சட்டத்தின் ஐந்தாவது திருத்தத்தைச் சொல்லிப் பதில் தர மறுக்கும்போது, அவனிடம் எவ்வளவு பிரியம் இருந்தாலும், நீதிமன்ற அவமதிப்பு என்று காவலில் வைக்கிறார். இந்த இடத்தில் சட்டம் தெரிந்த வாசகர்கள் நீதிபதி கட்சி. ஐந்தாவது திருத்தம், தன் வாயாலேயே தான் குற்றவாளி ஆகாமல் காத்துக்கொள்வதற்கு. பயமாக இருக்கிறது என்பதற்கு அல்ல. சட்டம் தெரியாத வாசகர்கள் பையன் கட்சி. பயமாக இருக்கும்போது பயன்படாத சட்டம் பிறகு எதற்கு என்பது அவர்கள் கேள்வி. எனக்கு இரண்டு பேருமே சரி என்று படுகிறது. எங்கள் வீட்டில் எனக்கு எப்போதும் அப்படித்தான் படும்.

“நம்ம அரசியல் சட்டத்தில 20(3). குற்றம் சாட்டப்பட்டவனைத் தனக்கு எதிராவே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது. நீ குற்றவாளி இல்லை, வெறும் சாட்சி. அதனால பேசித்தான் ஆகணும்” என்று தாத்தா பேத்திக்கு விளக்கினார். “உனக்குப் பதினொண்ணுதானே. 12 வயசுக்குக் கீழே இருந்து, சத்தியப் பிரமாணம்னா என்னன்னு புரியலைன்னு கோர்ட்டுக்குத் தோணினா, சத்தியம் வாங்காமலே விசாரிக்கலாம். 1969-ஆம் வருஷச் சட்டம். உண்மை பேசணும்னு தெரிஞ்சிருந்தாப் போதும்.”

“தாத்தா, நானும் ரெண்டு துண்டு சாப்பிட்டேன்.”

தாத்தா மடித்த வெற்றிலையைக் கீழே வைத்தார். “வாயைத் திறக்காதே. நீயும் உடந்தை. இப்ப உனக்கு 20(3) உண்டு.”

என் மனைவி என் பக்கம் திரும்பினாள். சாட்சியைக் கலைத்த குற்றமும் சேர்ந்துகொண்டது.

குழந்தைக்கு வக்கீலா, இதெல்லாம் நாவலில்தான் நடக்கும் என்று சிரிக்கிறவர்களுக்காக இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1964-இல் அரிசோனா மாநிலத்தில் 15 வயதுப் பையன் ஒருவனை, பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குத் தொலைபேசியில் ஆபாசமாகப் பேசினான் என்று பிடித்தார்கள். வக்கீல் இல்லை, புகார் கொடுத்தவரே விசாரணைக்கு வரவில்லை. பெரியவர் யாராவது அதைச் செய்திருந்தால் 5 முதல் 50 டாலர் அபராதம், அல்லது அதிகபட்சம் இரண்டு மாதச் சிறை. பையனை 21 வயதுவரை சீர்திருத்தப் பள்ளியில் வைக்க உத்தரவு. ‘உன் நன்மைக்குத்தான்’ என்று சொல்லிச் செய்கிற நீதியில் அளவு என்று ஒன்று இருக்காது போலும். அமெரிக்க உச்சநீதிமன்றம் 1967-இல் அதை ரத்து செய்து, இப்படிப்பட்ட வழக்கில் சிறார்க்கும் வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமை உண்டு, வாய் திறக்காமலிருக்கும் உரிமையும் உண்டு என்றது. கால்ட் வழக்கு என்று பெயர். மார்க் ஸ்வே ஒரு டாலரோடு ரெஜியின் அலுவலகப் படியேறுவதற்கு ஏறக்குறைய இருபத்தைந்து வருடம் முன்பே அந்தக் கதவைத் திறந்து வைத்தது அந்தத் தீர்ப்புதான்.

கிரிஷாமும் குழந்தைச் சாட்சியைக் கற்பனையில் சந்தித்தவர் அல்லர். மிசிசிப்பியில் சிறு வக்கீலாக இருந்தபோது, டிசோட்டோ மாவட்ட நீதிமன்றத்தில் பாதிக்கப்பட்ட 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் சாட்சியத்தைக் கேட்டிருக்கிறார். அவருடைய முதல் நாவல் ‘எ டைம் டு கில்’ அதிலிருந்து பிறந்தது. 1989-இல் 5,000 பிரதிகள் அச்சிட்டார்கள். அப்போது யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. மார்க்கைக் கொஞ்ச அவர் எந்த இடத்திலும் நம்மை விடாததற்கு அந்த நீதிமன்ற நாள் காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம். மார்க் பொய் சொல்கிறான், சிகரெட் பிடிக்கிறான், காவலிலிருந்து தப்ப, தம்பியின் அதிர்ச்சி நிலையை அப்படியே நடித்து ஆஸ்பத்திரிக்குப் போய் அங்கிருந்து ஓடுகிறான். நல்ல பிள்ளை அல்ல. அதனால்தான் என் மகளுக்கு அவனைப் பிடித்தது. 2010-இல் கிரிஷாம் சிறுவர்களுக்கென்றே தொடங்கிய ‘தியோடர் பூன்’ வரிசையின் முதல் புத்தகத்தை அவளுக்கு வாங்கிக் கொடுத்திருந்தேன். 13 வயதுக் கதாநாயகன், வகுப்பு நண்பர்களுக்குச் சட்ட ஆலோசனை சொல்கிறவன். “அவனுக்கு அம்மா அப்பா ரெண்டு பேருமே வக்கீல். அவனுக்கு என்னப்பா கஷ்டம்?” என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள்.

இந்த அமளியில் என் மனைவி சொன்ன கருத்துதான் நான் கேட்டதிலேயே கூர்மையானது. எல்லோரும் ரெஜி லவ்வைக் கொண்டாடுகிறார்கள். விவாகரத்தில் பிள்ளைகளை இழந்து, குடியிலிருந்து மீண்டு, நடுவயதில் சட்டம் படித்து வந்தவள், கொண்டாடலாம். 1994-இல் ஜோயல் ஷூமாக்கர் எடுத்த படத்தில் சூசன் சாரண்டன் அந்த வேடத்துக்காக ஆஸ்கர் பரிந்துரையும் பெற்றார். டாமி லீ ஜோன்ஸ் ஃபோல்ட்ரிக்காக வந்தார். மார்க்காக நடித்த பிராட் ரென்ஃப்ரோ, டென்னசியிலேயே பிறந்த புதுப் பையன். படத்தில் அந்த வயதுப் பிரச்சினையே எழவில்லை, ஏனென்றால் அவன் முகத்தைப் பார்த்தால் எதையும் நம்பலாம்.

“அதெல்லாம் சரி. அந்தப் பசங்களோட அம்மாவைப் பத்தி யாராவது பேசறாங்களா?” என்றாள் என் மனைவி. “டயேன். புருஷன் அடிச்சுத் துரத்தாத குறை. விளக்கு செய்யற ஃபேக்டரியில வேலை. பிள்ளை ஆஸ்பத்திரியில கிடக்கறான்னு லீவு போட்டா, வேலை போகுது. வீடு எரிஞ்சு போகுது. அவ என்ன கேட்டா? ஒரு சின்ன வெள்ளை வீடு, உள்ளே நடந்து போற மாதிரி ஒரு துணி அலமாரி. பெரியவன் ஊரெல்லாம் ஓடறான், கதை அவன் பின்னாடியே ஓடுது. இவ ஆஸ்பத்திரிக் கட்டிலை விட்டு எழுந்திருக்கல, அதனால கதையில இல்ல.”

நீல மையோ சிவப்பு மையோ இதை எழுதியிருக்கவில்லை. நான் இந்தக் கட்டுரையை எழுதத் துணிந்ததற்கு இந்தக் கருத்து ஒரு காரணம். அவள் அலமாரி என்று சொன்னபோது என் கோப்பு அலமாரியை மறுபடி பார்த்தாள் என்பது இன்னொரு காரணம்.

நாவலில் ரெஜி பேரம் பேசுகிறாள். பிணம் இருக்கும் இடத்தைச் சொல்கிறோம். பதிலுக்குக் குடும்பத்துக்குச் சாட்சிப் பாதுகாப்பு, புதுப் பெயர், புது ஊர், தம்பிக்குச் சிகிச்சை, அம்மாவுக்கு வீடு. அந்த முடிவை வாசகர்கள் பாதிப் பேர் மனம் நிறைந்து ஏற்றுக்கொள்கிறார்கள். மீதிப் பேர், இவ்வளவு ஓட்டத்துக்குப் பிறகு நீதிமன்றத்தில் முல்டானோவை நிறுத்தி ஒரு விசாரணையாவது காட்டியிருக்கக் கூடாதா என்று ஏமாறுகிறார்கள். ஏமாந்தவர்களை நான் கண்டிக்கிறேன். முல்டானோவை நிறுத்தி விசாரிப்பதில் என்ன சுவை இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

எங்கள் வீட்டில் பேரம் ஊஞ்சலில் நடந்தது. என் மகளுக்கு முழு மன்னிப்பு. அவள் படிப்புக்கென்று தனி அலமாரி. அதாவது என் கோப்பு அலமாரி. என் மனைவிக்கு அதன் கீழ்த்தட்டு இரண்டு. வருமான வரிப் பெட்டிகள் பால்கனிக்குக் குடிபெயர வேண்டும். பதிலுக்குச் சாட்சி வாய் திறப்பாள். என்னுடைய சம்மதம் யாருக்கும் தேவைப்படவில்லை. ஒப்பந்தம் ஆனதும் அவள் கொலுப் பெட்டியைக் காட்டினாள். செட்டியார் பொம்மையின் முதுகு நெய்யில் மினுமினுத்தது.

எடுத்த பொட்டலத்தை மாமனார் பழைய செய்தித்தாளில் சுற்றி, நூல் கட்டி, அரக்குக்குப் பதிலாகக் குங்குமத்தை ஒட்டி, தன் டிரங்குப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். சான்றுப் பொருளாம். வழக்கு முடியும்வரை நீதிமன்றப் பொறுப்பில் இருக்க வேண்டுமாம். அவர் 78 வயதிலும் காபிக்கு மூன்று கரண்டி சர்க்கரை போட்டுக்கொள்கிறவர். எந்த மருத்துவரும் அவருடைய மகளிடம் அவரைப் பற்றி எதுவும் சொன்னதில்லை.

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு டிரங்குப் பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. முத்திரை சரியாக இருக்கிறதா என்று பார்த்தாராம். மறுநாளும் பார்த்தார். முத்திரை ஒவ்வொரு முறையும் புதுக் குங்குமத்தில் இருந்தது. பொட்டலம் வயிறு ஒட்டிக்கொண்டே வந்தது. நான் தாங்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

“மாமா, சான்றுப் பொருள் குறையுதே?”

“சீக்கிரம் கெட்டுப்போகிற பொருளை வழக்கு முடியறதுக்கு முன்னாடியே கோர்ட் அப்புறப்படுத்தலாம் மாப்பிள்ளை. குற்றவியல் நடைமுறைச் சட்டம், 451.”

“அந்தச் சட்டம் போய்ப் புதுச் சட்டம் வந்தாச்சு. 2024 ஜூலையிலிருந்து.”

“நான் ரிட்டயர் ஆனது பழைய சட்டத்தில.”

“இது நெய் அல்வா மாமா. அவ்வளவு சீக்கிரம் கெடாது.”

“கெட்டுதா கெடலையான்னு கோர்ட் தினமும் பரிசோதிச்சுத்தான் சொல்ல முடியும்” என்றார் அவர், மீசையைத் துடைத்துக்கொண்டு. “உங்களுக்கு ஆட்சேபணை இருந்தா ஒரு மனு எழுதிக் கொடுங்க. வர்ற பதினாலாம் தேதிக்கு வாய்தா போடறேன்.”